டென்ட் போடுற இடத்துல மாடி இருக்கா?

கார்த்திகை முடிந்தால்தான் அந்த வீட்டில் அப்பாவைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க முடியும். விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன யூனிட்டில் சூளை பார்க்கிறவர் அவர். நவராத்திரிக்குப் பொம்மை, தீபாவளிக்கும் கார்த்திகைக்கும் அகல் விளக்கு என்று ஆவணியில் பிடிக்கிற வேலை, கார்த்திகை தீபத்தன்றுதான் விடும். அதுவரை தலைமுடியிலும் புருவத்திலும் வெள்ளை மண் தூசியோடு, பிள்ளைகள் தூங்கிய பிறகு வீட்டுக்கு வருவார்.

"வேலை முடியட்டும், கடலோரமா கூடாரத்துல ஒரு ராத்திரி தங்கலாம்" என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இந்தப் பொங்கல் விடுமுறைக்கு மகள் விடவில்லை. அவள் ஒன்பதாம் வகுப்பு. தம்பி நான்காம் வகுப்பு. செல்போனில் ஒரு படத்தைக் காட்டினாள். புதுச்சேரி பக்கத்தில் ஒரு கடற்கரை. மணலில் வரிசையாக ஆரஞ்சு நிற டென்ட்டுகள், நடுவில் தீ மூட்டியிருக்கிறார்கள், பின்னால் அலை. பார்த்தால் யாருக்கும் போகத் தோன்றும்.

"தண்ணிக்கு எவ்வளவு பக்கம் பாருங்கப்பா! டென்ட்டைத் திறந்தா கடல்."

அம்மா எட்டிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள். அம்மாவுக்குக் கடல் காற்று ஒத்துக்கொள்ளாது. பிள்ளைகளுக்கு அப்படித்தான் தெரியும். கடலூர் சில்வர் பீச்சுக்குப் போனால்கூட அவள் சாலையோரத்திலேயே உட்கார்ந்து எல்லாருடைய செருப்பையும் பார்த்துக்கொள்வாள்.

ஆயாதான் முதல் கேள்வியைக் கேட்டார். "அதெல்லாம் சரி. ராத்திரி ரெண்டு மணிக்கு எங்க போறது?"

பேத்தி சிரித்தாள். ஆயா சிரிக்கவில்லை. அவர் கூடாரம் தெரியாதவர் இல்லை. மாசி மகத்துக்குப் பழமலைநாதரைக் கும்பிட, கிராமத்திலிருந்து கூண்டு வண்டி கட்டிக்கொண்டு வந்து, மணிமுத்தாற்று மணலில் மூன்று ராத்திரி தங்கிய சிறுமி அவர். வண்டியை மேட்டில் விட வேண்டும், பள்ளத்தில் விடக்கூடாது. குடிக்க ஊற்று தோண்டும் இடம் ஆற்றின் மேல்பக்கம் இருக்க வேண்டும், துவைக்கிற இடம் கீழ்ப்பக்கம். அடுப்பு காற்றுக்கு எதிரே வாய் வைக்கக்கூடாது. இதெல்லாம் ஆண்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் வண்டி நிற்பதற்கு முன்பே பெண்கள் இறங்கிப் போய்ப் பார்ப்பது வேறு ஒன்று. மறைவு எங்கே, அங்கே போக எவ்வளவு தூரம், வழியில் முள் உண்டா. அது சரியாக இல்லை என்றால் அவருடைய அம்மா வண்டியைத் திருப்பச் சொல்லிவிடுவாராம்.

"மூணு நாள் தண்ணி குடிக்காம கெடந்தவளுங்களை நான் பாத்திருக்கேன்டி. சாமி கும்புட வந்து காய்ச்சல்ல படுத்தாளுங்க."

இன்றைக்கும் அதில் பெரிய மாற்றம் இல்லை. வெளியூர் போகும்போது பாத்ரூமை நினைத்துத் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். டென்ட் விளம்பரங்களில் கேம்ப் ஃபயர் உண்டு, பார்பிக்யூ உண்டு, கிட்டார் வாசிக்கிறவர்கூட உண்டு. கழிவறையின் படத்தைப் போட்டிருப்பவர்கள் குறைவு.

அன்று மாலையே அம்மா இரண்டு இடங்களுக்கு போன் போட்டாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சாப்பாடு, வாடகை, பாத்ரூம் என்று எல்லாம் கேட்டுவிட்டு, கடைசியாகக் கொஞ்சம் தயங்கிக் கேட்டாள்.

"அங்க மாடி இருக்கா?"

"மாடியா? டென்ட் போடுற இடத்துல எதுக்குங்க மேடம் மாடி?"

"பக்கத்துல ஏதாவது மாடி வீடு? ஏறுற மாதிரி?"

எதிர்முனையில் சிரிப்பு. இரண்டாவது இடத்திலும் அதே சிரிப்பு. மகளுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏம்மா இப்படி மானத்தை வாங்குற?" என்று எழுந்து போனாள்.

*

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மகளும் பைக்கில் கிளம்பினார்கள். பணம் கட்டுவதற்கு முன் இடத்தை ஒரு முறை நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது அப்பாவின் கட்சி. சூளைக்குள் அடுக்கும்போது பார்க்காததை, சூளையைப் பிரித்த பிறகு பார்த்து என்ன பயன் என்பார்.

நெய்வேலி, வடலூர், குறிஞ்சிப்பாடி வழியாகக் கடலூர். அங்கிருந்து புதுச்சேரி சாலை. சுற்றியுள்ள இடங்களைப் பற்றி அப்பா ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தார். பிச்சாவரம் அவருக்குப் பிடித்த இடம். 'இதயக்கனி' படத்தில் எம்.ஜி.ஆர். வந்த ஊர் என்பது ஒரு காரணம். ஆனால் சுரபுன்னைக் காட்டுக்குள் படகில் போவது பகலோடு சரி, உள்ளே டென்ட் போட முடியாது. நோணாங்குப்பம் சுண்ணாம்பாறு படகுத் துறையிலிருந்து பாரடைஸ் பீச்சுக்குப் போகலாம், அதுவும் மாலைக்குள் திரும்பிவிட வேண்டிய இடம். குளிப்பதற்கு என்றால் சின்ன வீராம்பட்டினத்தில் ஈடன் கடற்கரை இருக்கிறது. 2021-ல் நீலக்கொடிச் சான்றிதழ் வாங்கிய கடற்கரை. தண்ணீரின் தரம், கழிவறை, உயிர்காக்கும் காவலர் என்று எல்லாம் பார்த்துத்தான் அந்தக் கொடியைக் கொடுப்பார்கள். பிள்ளைகளைக் குளிக்க விட அதுபோன்ற இடம், தூங்குவதற்கு வேறு இடம் என்று அப்பா மனதுக்குள் பிரித்துக்கொண்டார். இரண்டையும் ஒரே இடத்தில் தேடுவதால்தான் பலர் தவறான இடத்தில் போய்ப் படுக்கிறார்கள்.

போட்டோவில் பார்த்த இடம் நேரிலும் அழகாகத்தான் இருந்தது. டென்ட்டிலிருந்து முப்பது அடி எடுத்து வைத்தால் தண்ணீர். மகள் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினாள். அப்பா கடலைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டே டென்ட்டுகளுக்குப் பின்பக்கம் நடந்தார். அங்கே காய்ந்த கடற்பாசியும் கிளிஞ்சலும் பிளாஸ்டிக் மூடிகளும் கோடு போட்டதுபோல நீளமாகக் கிடந்தன.

"இங்க வா. இது என்ன சொல்லு?"

"குப்பை."

"இதைக் கொண்டாந்து போட்டது யாரு?"

அவள் கோட்டைப் பார்த்தாள், கடலைப் பார்த்தாள். டென்ட்டுகள் இரண்டுக்கும் நடுவில் இருந்தன. தண்ணீர் எப்போதோ டென்ட் போட்ட இடத்தைத் தாண்டி வந்து போயிருக்கிறது. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிக் கடல் வழக்கத்தைவிட மேலே ஏறும். காற்றும் சேர்ந்தால் இன்னும் ஏறும். அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று பார்க்க எந்தக் கருவியும் தேவையில்லை.

கழிவறை தகரத்தால் அடைத்த ஒன்று. பன்னிரண்டு டென்ட்டுக்கும் அதுதான். இருநூறு அடி மணலில் நடக்க வேண்டும், வழியில் விளக்கு இல்லை. கேட்டதற்கு, இங்கே கட்டடம் கட்ட விடமாட்டார்கள் என்றார் அங்கிருந்த தம்பி. அவர் சொன்னதில் உண்மை உண்டு. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம், அனுமதி இல்லாமல் எதையும் எழுப்ப முடியாது. அதனால்தான் தண்ணீரை ஒட்டியிருக்கும் இடங்கள் பலவற்றில் டென்ட் மட்டும் இருக்கிறது, சுவர் இருப்பதில்லை. கடல் பக்கத்தில் இருக்க இருக்க, பாத்ரூம் தூரமாகிக்கொண்டே போகும்.

"வேணாம்மா" என்றார் அப்பா. மகள் வண்டியில் ஏறிய பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. குறிஞ்சிப்பாடி டீக்கடையில் நிறுத்தியபோது வெடித்துவிட்டாள்.

"ஆயாவுக்காக வேணாம்னா சரி. அம்மாவுக்காகத்தானே வேணாங்கறீங்க? அவங்க எல்லாத்துக்கும் பயப்படுவாங்க. மாடி இருக்கான்னு கேக்குறாங்க. லூசு மாதிரி."

அப்பா டீயைக் கீழே வைத்தார். பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம் என்று அம்மா கேட்டுக்கொண்டதால் அவர் இத்தனை வருடம் சொல்லாமல் இருந்தார். அன்று சொன்னார்.

2004. அரையாண்டு விடுமுறை. அம்மாவுக்கு அப்போது மகளின் வயதுதான். தேவனாம்பட்டினத்தில் சித்தி வீட்டுக்கு வந்திருந்தாள். டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. விடிகாலை ஆறரை மணிக்கு சுமத்ரா பக்கம் கடலுக்கு அடியில் நிலம் நடுங்கியது. அலை இங்கே வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த இரண்டு மணி நேரமும் இந்தக் கரையில் யாருக்கும் எதுவும் தெரியாது. பக்கத்து வீட்டுப் பெண்ணோடு மீன் வாங்கப் போயிருந்தாள் அம்மா. சத்தம் கேட்டு எல்லாரும் ஓடினார்கள். யாரோ ஒருவர் அவள் கையைப் பிடித்து ஒரு மாடிப்படியில் இழுத்துப் போட்டார். யார் அவர், யார் வீட்டு மாடி என்று இன்றுவரை தெரியாது. பிற்பகல் வரை அங்கேயே நின்றாள். கூட வந்த பெண் ஏறவில்லை.

"இப்ப ஐதராபாத்துல சுனாமி எச்சரிக்கை மையம் வச்சிருக்காங்க, 2007-லயிருந்து இருக்கு, முன்னாடியே சொல்லிடுவாங்கன்னு நான்கூட அவகிட்ட சொல்லிப் பாத்தேன்" என்றார் அப்பா. "சொன்னா நல்லதுதான், ஏறுறதுக்கு ஒரு மாடி வேணும்லன்னா. அதுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

மகள் டீயைக் குடித்து முடிக்கவில்லை.

*

மறுநாள் பள்ளி விட்டு வந்ததும் அவளே போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனாள். கடலூர், புதுச்சேரி சுற்றுவட்டாரத்தில் டென்ட் போடும் இடங்கள் என்று தேடி எடுத்த எண்கள். படம் அழகாக இருந்தவற்றை எல்லாம் தள்ளிவிட்டு, தூரத்தைப் பார்த்தாள். மூன்று பேரிடம் பேசினாள். ஆயா கேட்டதை முதலில் கேட்டாள், பிறகு அம்மா கேட்டதை. முதல் இருவர் வழக்கம்போலச் சிரித்தார்கள்.

மூன்றாமவர் ஒரு சவுக்குத் தோப்புக்காரர். கடலூர் - புதுச்சேரி சாலையிலிருந்து கிழக்கே பிரியும் ஊராட்சிச் சாலையில் தோப்பு, கடல் அங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டர். அவள் கேட்டதும் அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் எதுவுமே பேசவில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று அவள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

"இருக்கும்மா" என்றார் அவர். "எங்க வீடு தோப்புக்குள்ளயேதான். வெளிப்பக்கமா படிக்கட்டு. கதவு கெடையாது, பூட்டுறதும் இல்ல. யாரு கேக்கச் சொன்னா, அம்மாவா?"

"ஆமாங்க."

"எந்நேரமும் ஏறலாம்னு சொல்லு."

இடம் முடிவானது அப்படித்தான். வாடகை, முதலில் பார்த்த இடத்தில் கேட்டதில் பாதிக்கும் கீழே. அது அப்பாவுக்கு அப்புறம்தான் தெரியும்.

*

மாட்டுப் பொங்கல் முடிந்த மறுநாள் ஐந்து பேரும் பஸ்ஸில் போய் இறங்கினார்கள். தை மாதம் கடலோரத்தில் தங்க நல்ல பருவம். ஐப்பசி, கார்த்திகையில் புயல் பயம். 2011-ல் தானே மார்கழியில்கூட வந்தது, டிசம்பர் 30 காலையில். இந்தத் தோப்பு அதற்கு முன் முந்திரித் தோப்பாக இருந்ததாம். தானே ஒரே காலையில் சாய்த்துப் போட்ட பிறகு, சீக்கிரம் பலன் தருகிற மரமாக இருக்கட்டும் என்று சவுக்கு வைத்தார் தோப்புக்காரர்.

ஆயா பையைக்கூடக் கீழே வைக்காமல் முதலில் கழிவறைக்குப் போய் வந்தார். இரண்டு இருந்தன. ஓடு போட்டது, தாழ்ப்பாள் சரியாக விழுகிறது, வழி முழுக்கக் குண்டு பல்பு. உள்ளே கைப்பிடி ஒன்று பதித்திருந்தது. "பரவால்ல, மனுஷன் பொம்பளைங்களோட இருந்திருக்கான்" என்று சான்றிதழ் கொடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் லேசாக உப்புக் கரித்தது. கடல் பக்கத்தில் அது எதிர்பார்க்க வேண்டியதுதான். குடிக்கக் கேன் வாங்கி வைத்திருந்தார்கள்.

அப்பாவுக்கு டென்ட் கட்டியிருந்த விதம் திருப்தியில்லை. மணலில் முளை அடித்தால் நிற்காது, ஒரு காற்றுக்குப் பிடுங்கிக்கொண்டு வரும். யூனிட்டிலிருந்து காலி மண் சாக்குகள் நாலைந்தைச் சுருட்டி எடுத்து வந்திருந்தார். அவற்றில் மணலை நிரப்பி, கயிற்றை அதில் கட்டி, முழங்கால் ஆழத்துக்குப் புதைத்தார். மகன் குதித்துக் குதித்து மணலை மிதித்தான். டென்ட்டின் வாயைத் தென்மேற்காகத் திருப்பினார்கள், அந்த மாதத்துக் காற்று வடகிழக்கிலிருந்து வருவதால். தோப்புக்காரர் கைகட்டி நின்று பார்த்துவிட்டு, மற்ற டென்ட்டுகளுக்கும் சாக்கு வாங்க வேண்டும் என்றார்.

தீ மூட்டுவதற்கு அவர் வைத்திருந்த இடம் அப்பாவுக்குப் பிடித்திருந்தது. சவுக்குச் சருகு பெட்ரோல் மாதிரி பற்றும். சுற்றிலும் பெருக்கி வெறும் மணலாக விட்டு, பாதியாக வெட்டிய இரும்பு டிரம்முக்குள்தான் நெருப்பு. பக்கத்தில் இரண்டு வாளி தண்ணீர். வருடம் முழுக்க நெருப்போடு இருக்கிறவர் அப்பா. அவர் ஒன்றும் குறை சொல்லவில்லை என்றால் குறை இல்லை என்று அர்த்தம்.

ராத்திரி தக்காளிச் சோறும் சுட்ட சோளமும். ஆயா டென்ட்டுக்குள் வர மறுத்துவிட்டார். குனிந்து நுழைந்து குனிந்து வெளியே வர முட்டி ஒத்துழைக்காது. வீட்டுத் திண்ணையில் கயிற்றுக் கட்டில் போட்டுக் கொடுத்தார்கள். பனி பெய்ததில் டென்ட் துணி உள்ளுக்குள்ளேயே நனைந்து சொட்டியது. கட்டிலில் படுத்தவர் மட்டும் நனையாமல் குறட்டை விட்டார்.

நடுராத்திரி தாண்டி மகளுக்கு விழிப்பு வந்தது. பக்கத்தில் அம்மா இல்லை. அவள் பதறவில்லை. எங்கே இருப்பாள் என்று தெரியும்.

மாடியில் கைப்பிடிச் சுவரில் கை வைத்து அம்மா நின்றுகொண்டிருந்தாள். தோப்புக்கு அப்பால் கடல் இருட்டாக, சத்தம் மட்டுமாக இருந்தது. தூரத்தில் ஐந்தாறு படகு விளக்குகள். மகள் போர்வையில் பாதியைக் கொடுத்தாள்.

"தூக்கம் வரலியாம்மா?"

"வந்துச்சு. நல்லாத்தான் தூங்குனேன். சும்மா ஏறிப் பாக்கணும்னு தோணுச்சு."

"படி எத்தனைம்மா?"

"பதினெட்டு."

மகள் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அம்மாவே பேசினாள். அந்தப் பெண் பெயரைச் சொன்னாள். அவளுக்குக் கத்தாழை மீன் பிடிக்காது, ஆனால் அதன் தலைக்குள் இருக்கிற கல்லுக்காக வாங்கச் சொல்வாள் என்றாள். அந்தக் கல்லை டப்பாவில் சேர்த்து வைத்திருந்தாளாம், ஐம்பதுக்கு மேல். வேறு எதுவும் சொல்லவில்லை. இருவரும் அங்கேயே போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து, கடைசியில் மாடியிலேயே தூங்கிவிட்டார்கள்.

விடிந்ததும் அப்பாவும் மகனும் கடலுக்குக் கிளம்பினார்கள். அம்மாவும் செருப்பைப் போட்டாள். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, ஆயாகூட. ஒன்றரை கிலோமீட்டர் நடை. கரையில் வலையிலிருந்து மீனைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கடற்பாசிக் கோடு வந்த இடத்தில் அம்மா நின்றாள். அதற்கு மேல் போகவில்லை. செருப்பை மட்டும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள். மகன் ஓடி வந்து அவள் காலடியில் கிளிஞ்சலைக் கொட்டிவிட்டு மறுபடி ஓடினான்.

திரும்பி வரும் பஸ்ஸில், மாசி மகத்துக்கு மணிமுத்தாற்றுக்குப் போய் ஒரு ராத்திரி தங்கலாமா என்று பேரன் கேட்க, ஆற்றில் இப்போது தங்குகிற மாதிரியா இருக்கிறது என்று ஆயா ஆரம்பித்து வடலூர் வரை திட்டிக்கொண்டே வந்தார். மகள் தோப்புக்காரரின் எண்ணைப் போனில் சேமித்துக்கொண்டிருந்தாள். பெயர் என்று கேட்ட இடத்தில் 'மாடி இருக்கு' என்று அடித்தாள்.